ஓடும் வண்டிக்கு வயது ஒரு குற்றமா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலை ஏறும் வாடகைக் கார்களை நாம் அறிவோம். சமவெளியில் புறப்படும் வண்டி ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரம் போக வேண்டும். ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கும். இறக்கத்தில் பிரேக் காயும். அந்தப் பாதையில் ஒரு பழைய வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடுகிறதென்றால், அதைக் காப்பாற்றுவது அதிர்ஷ்டமல்ல, உழைப்பாளியின் கை!

நல்ல டிரைவர் காலையில் என்ஜின் சூடாகும் முன்பே ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறார். கணக்குத் தவறாமல் ஆயில் மாற்றுகிறார். பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல், ஏறிய கியரிலேயே இறங்குகிறார். சின்னச் சத்தம் கேட்டாலும் பட்டறையில் நிறுத்துகிறார். ஆலையில் ரிங் பிரேமுக்கு எண்ணெய் விடும் தோழருக்கும், கிணற்று மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் விவசாயத் தொழிலாளிக்கும் இந்தப் பாடம் புதிதல்ல.

இப்படிப் பராமரித்தால் எவ்வளவு ஓடும்? கிரீஸ் நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சாகினிடிஸ், 1976-ஆம் ஆண்டு மெர்ஸிடிஸ் காரை, என்ஜினை மாற்றியும் செப்பனிட்டும் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் அந்தக் கார் கம்பெனியின் காட்சிசாலைக்குப் போயிற்று. அமெரிக்க ஆசிரியர் இர்வ் கார்டன், தமது 1966-ஆம் ஆண்டு வால்வோ காரில் 2013-இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். நம் நாட்டு அம்பாஸடர் உற்பத்தி 2014-இல் நின்றது. அதன் பிறகும் அதை ஓட வைத்தது யார்? பட்டறைத் தொழிலாளிதான்.

சர்க்கார் என்ன செய்தது? 2022 ஏப்ரல் முதல், 15 ஆண்டு தாண்டிய வாடகைக் காரின் தகுதிச் சான்றுக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 5,000 ஆயிற்று. 2025-இல், 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 என்றது. பணக்காரர் புது வண்டி வாங்கிக்கொள்வார். ஒற்றைப் பழைய காரை நம்பிக் குடும்பம் நடத்துபவர் எங்கே போவார்?

பழைய வண்டி எல்லாம் நல்ல வண்டி என்று நாம் வாதாடவில்லை. புகை கக்கும் வண்டி நம் பிள்ளைகளின் நெஞ்சைக் கெடுக்கிறது. பிரேக் பிடிக்காத வண்டி மலைப்பாதையில் எமன். அவற்றை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியது புகையை, பிரேக்கை, ஸ்டியரிங்கை! பிறந்த ஆண்டை மட்டும் பார்த்து அபராதம் போல் கட்டணம் விதிப்பது என்ன நியாயம்? புது வண்டியையும் கவனியாமல் விட்டால் அது ஆளைக் கொல்லாதா?

இன்னொன்றும் சொல்வோம். பிரேக் மாற்றக் காசு கொடுக்காமல் “இன்னும் ஒரு நடை போய்வா” என்று அனுப்பும் முதலாளிகள் உண்டு. விபத்து நடந்தாலோ வழக்கு டிரைவர் தலையில்! பழுதான வண்டியை எடுக்க மறுக்கும் டிரைவருக்கு வேலை போகாது என்ற பாதுகாப்பு வேண்டும்.

சோதனை கண்டிப்பாக இருக்கட்டும். கட்டணம் ஏழை தாங்கும் அளவில் இருக்கட்டும். வண்டியின் ஆயுளை நீட்டுவது உழைப்பு. அந்த உழைப்புக்கு மதிப்புக் கொடு என்று கேட்கிறோம்.