முதுமையும் ஊர்த் தெரிவும்

முதுமையில் ஊர் மாறுதல் தமிழருக்குப் புதிய வழக்கமன்று. பிள்ளைகளுக்கு மணம் முடித்து, இல்லறக் கடன்களைத் தீர்த்து, காசிக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டோர் பண்டு இருந்தனர். காசி எட்டாதவர்க்குச் சிதம்பரம் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவர் தில்லையில் மடங்கள் நிறுவி, மாதக்கணக்கில் தங்கி வழிபட்டனர். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, உத்தியோகமும் நீதிபதிப் பதவியும் முடிந்த பின்னரும் ஊர் திரும்பி அமரவில்லை. 1901 ஆம் ஆண்டிலே சென்னையிற் காலமானார். ஏடு தேடுவதும் ஒப்புநோக்குவதும் அச்சேற்றுவதும் அவருக்கு வாழ்வாயிருந்தன. அவ்வாழ்வுக்கு உரிய களம் அங்கேதான் இருந்தது. அடியாருக்குக் கோயிலும் பதிப்பாசிரியருக்கு அச்சுக்கூடமும் ஊரைத் தெரிந்து கொடுத்தன.

இன்று நம் முதியோர்க்கு ஊரைத் தெரிந்து கொடுப்பது யாது? உண்மையைக் கூறின், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் வசதியே. விமான நிலையத்துக்கு அணித்தாய் இருத்தல் வேண்டும். பெரிய ஆசுபத்திரிகள் அருகில் இருத்தல் வேண்டும். விடுமுறைக்கு வந்தால் தங்குவதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். இக்கணக்கின் முடிவாக வெள்ளவத்தையிலே ஒரு தொடர்மாடி வீடு வாங்கப்படுகின்றது. அதில் வாழப்போகும் தாயும் தந்தையும் அதனைப் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் வந்த படத்திலேதான் முதலிற் காண்கின்றனர்.

வெள்ளவத்தையைப் பழிப்பது எம் நோக்கமன்று. அந்த ஊர் முதியோர்க்கு ஏற்றதென்றே நாம் கருதுகின்றோம். ஆனால் ஏற்றதாகும் காரணம் வேறு. நம்மவர் அதனைத் தெரிவுசெய்யும் காரணம் வேறு.

ஒரு காலத்திலே பயணம் எதிர்த்திசையில் இருந்தது. வடக்கிலிருந்து வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து, முப்பது ஆண்டு உத்தியோகம் பார்த்து, பென்சன் பெற்றதும் பெட்டி படுக்கையுடன் ஊர் திரும்பினர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, விடுமுறைக்குச் செல்வோரோடு இவ்வாறு வாழ்வை முடித்துக்கொண்டு செல்வோரையும் ஏற்றிச் சென்றது. கொழும்பு பிழைக்கும் இடம். ஊர் இளைப்பாறும் இடம். இதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அவ்வொழுங்கைக் குலைத்தது போர். 1983 ஆடிக் கலவரத்திலே வீடிழந்த கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். 1990 இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. 2014 இலேதான் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. அதன் பின்னர்க் கடவுச்சீட்டுக்கும் விசாவுக்குமாகக் கொழும்புக்கு வந்து காத்திருந்தோருட் பிள்ளைகள் பறந்தனர். பெற்றோர் பலர் தங்கினர். காத்திருப்பதற்கென எடுத்த வாடகை அறையே அவர்களுக்கு இறுதி ஊராயிற்று. இதனைத் தெரிவு என்று கூறல் தகுமோ?

தங்கியதும் எளிதாயிருக்கவில்லை. 2007 யூன் 7 ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளிற் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை வழங்கியது. ஒரு பிரசை தான் விரும்பும் ஊரிலே வாழலாம் என்பது ஏட்டில் எழுதிய உரிமை. அதனை நீதிமன்றப் படியேறிப் பெறவேண்டிய நாளும் இந்நகரில் இருந்தது. அதை அறிந்த தலைமுறை, ஊர் தெரியும் உரிமையைப் பிள்ளைகளிடம் ஒரு தொலைபேசி உரையாடலிலே விட்டுக்கொடுப்பதுதான் எமக்கு வியப்பளிக்கின்றது.

அவ்வளவுக்குப் பின்னும் மக்கள் வெள்ளவத்தையை விட்டகலாதது ஏன்? காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு நடந்து பார்ப்பவருக்கு விடை கிடைக்கும். முருங்கைக்காயும் புழுக்கொடியலும் பருவத்திற் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அங்கே உண்டு. தமிழ்ப் புத்தகசாலை உண்டு. ஐம்பத்தேழாம் ஒழுங்கையில், 1942 இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் உண்டு. இராமகிருஷ்ண மிசன் உண்டு. சற்று வடக்கே பம்பலப்பிட்டியிற் கதிரேசன் கோயில் உண்டு. இவையனைத்திலும் மேலானது ஒன்று: பத்து அடிக்கு ஒருமுறை, "மாஸ்டர், எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்க ஒருவர் உளர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அவ்வினா மருந்திலும் பெரிது.

ஆகவே எமது கருத்து இது: முதியவர் வாழ்வது வீட்டிலன்று, வீதியிலே. இளையோருக்கு வீடு களைப்பாறும் இடம். அவர்களது நாள் வேறிடத்திற் கழிகின்றது. உத்தியோகம் ஒழிந்தவருக்கோ நாள் முழுவதும் எஞ்சி நிற்கின்றது. காலால் நடந்து சென்று, தம் மொழியிற் பேசி, தம் பெயர் அறிந்தவரைக் கண்டு திரும்பத்தக்க வட்டம் எதுவோ அதுவே அவருக்கு ஊர். நம்மவர் வீட்டை நுணுகி ஆராய்கின்றனர். சமையலறைக் கற்பலகையைத் தட்டிப் பார்க்கின்றனர். வீதியை எவரும் பார்ப்பதில்லை.

இதிலே சட்டமும் ஒரு விளையாட்டு விளையாடியுள்ளது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகள் இலங்கையிற் காணி வாங்குவதைத் தடுத்தது. தொடர்மாடியில் நான்காம் மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு, முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து முற்கூட்டியே அனுப்பப்படின், விலக்களித்தது. விளைவு யாது? கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை பெறாத மகன், தாய்க்குத் தன் பெயரில் வீடு வாங்க எண்ணியபோது, முழங்கால் தேய்ந்த அத்தாய் நான்காம் மாடியிலோ அதற்கு மேலோதான் வாழவேண்டியதாயிற்று. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்சாரம் நின்றது. மின்பிறப்பாக்கிக்கு ஊற்ற டீசலும் அரிதாயிற்று. மின்தூக்கி நின்ற நாளில் ஏழாம் மாடியிலுள்ள முதியவருக்கு வெள்ளவத்தையும் ஒன்றுதான், வெள்ளிமலையும் ஒன்றுதான்.

அங்ஙனமாயின் சொந்தக் கிராமத்துக்கே திரும்பினால் என்ன என்று கேட்பர் சிலர். புகையிரதமும் ஓடுகின்றது, வளவும் கிணறும் இருக்கின்றன. திரும்பியவருள் மகிழ்ந்து வாழ்வோரும் உளர். எனினும் கிராமம் என்பது வளவன்று. வேலிக்கு அப்பால் இருந்த மனிதர். அவர்கள் எங்கே? ஒழுங்கையில் ஒன்றுவிட்டொரு வீடு பூட்டிக் கிடக்கின்றது. ஒரே கிராமத்தவர் நால்வரைக் காணவேண்டுமானால் அக்கிராமத்திலும் காலி வீதியிலே விரைவிற் காணலாம். ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கூட்டம் வைப்பது இங்கேதான். திரும்பிச் செல்வோர் மரத்தையும் கிணற்றையும் எண்ணிச் செல்லாது, மாலையிற் கதைக்க எவர் எஞ்சியுளர் என்று எண்ணிச் செல்லவேண்டும்.

பிள்ளைகளிடமே சென்றுவிடுவது மூன்றாம் வழி. ரொறன்ரோவில் தமிழ்க் கடையும் கோயிலும் நிறைய உண்டு என்பது மெய். ஆனால் மார்கழி முதல் பங்குனி வரை உறைபனியிலே அவற்றுக்கு நடந்து செல்ல இயலாது. யாராவது மோட்டார்க் காரில் ஏற்றிச் செல்லவேண்டும். பேரப்பிள்ளை மடியில் இருக்கும் வரை அதுவும் இனிதே. பேரப்பிள்ளை பள்ளி சென்ற பின்னரே அவ்வீடு எவ்வளவு பெரிதென்று தெரியும்.

களனியாறு கடலொடு கலக்கும் பகுதிக்கு அணித்தான கொட்டாஞ்சேனையை இக்காலத்து நம்மவர் எண்ணுவதே இல்லை. துறைமுகத்துத் தூசும் நெரிசலும் உண்டு என்பர். உண்மையே. ஆயினும் 1902 முதல் நிலவும் விவேகானந்த சபையும், பொன்னம்பலவாணேசர் கோயிலும், சாந்த லூசியா பேராலயமும் நடக்கும் தொலைவில் உள்ள ஊர் அது. அருகிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலே 2019 ஏப்ரில் 21 இல் நிகழ்ந்த கொடுமைக்குப் பின்னரும் அயலவர் இடம்பெயர்ந்துவிடவில்லை. தலைமுறையாய் ஒருவரையொருவர் அறிந்த அயல் அது. புதிதாய் வருவோர் அதனுள் நுழையச் சிறிது காலம் ஆகும், நுழைந்தபின் தனியராகார்.

உறுதி எழுதும் விடயத்தையும் கூறாது விடல் இயலாது. யாழ்ப்பாணத்துத் தாய் தந்தையர், மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும்போதும், தாம் உயிரோடிருக்குங்காறும் அதில் வாழும் சீவிய உருத்தைத் தம்பால் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையர். நம் முன்னோர் பிள்ளைகள் மீது அன்பில்லாதவரல்லர். அன்பையும் உறுதியையும் வெவ்வேறாக வைத்திருந்தனர். கிராமத்து வளவை விற்ற பணம் முழுவதையும் மகன் பெயரிலுள்ள தொடர்மாடி வீட்டிற் போட்டுவிட்டு, பின்னர் அவ்வீடு விலைப்படும்போது எங்கே செல்வது என்று விழிக்கும் முதியோரை இன்று காண்கின்றோம். அவர்களுக்கு அவ்வுருத்தை எழுதி வைக்கும்படி எவரும் நினைவூட்டவில்லை.

வெள்ளவத்தையைத் தெரிவுசெய்ய எண்ணுவோர் முதலில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்ப்பாராக. ஐப்பசி மழையும் அம்மூன்று மாதத்துள் அடங்குதல் நன்று. மாலை ஆறு மணிக்குத் தனியே காலி வீதியைக் கடந்து பார்க்கட்டும். தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் குடையோடு நடந்து, திரும்பி வரட்டும். மின்தூக்கியை விட்டு ஒருநாள் படியேறட்டும். அதன் பின்னரும் விருப்பம் மாறாதிருப்பின் நொத்தாரிசிடம் செல்லலாம். செல்லும்போது மூக்குக்கண்ணாடியை மறவாது கொண்டுசென்று, சீவிய உருத்து யார் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்பதைத் தாமே வாசித்து, அதன் பின்னர்க் கையொப்பம் இடுவாராக.