வாசற்படி தடையாகலாமா?

உயில் ஒன்று எழுதுவது சம்பந்தமாக நமது கட்சிக்காரர் ஒருவர் சமீபத்தில் ஆள் அனுப்பியிருந்தார். நேரில் வந்து கையெழுத்திடத் தமக்கு இயலாதென்றும், சிரமத்தைப் பொருட்படுத்தாமல் நாமே வரவேண்டுமென்றும் கேட்டுக்கொண்டிருந்தார். சென்னையில் மூன்றாவது மாடியில் அவர் வீடு, லிப்ட் கிடையாது. நாம் ஏறிச் சென்றபோது, முப்பத்தைந்து வருஷம் உத்தியோகம் பார்த்த அம்மனிதர் ஜன்னலோரத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் செயலற்றுப் பதினொரு மாதங்களாகின்றன. அப்பதினொரு மாதங்களில் அவர் தெருவில் இறங்கியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நாற்காலியோடு நால்வர் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றார்கள். "விசாரணையில்லாமலே சிறை வைத்துவிட்டார்கள்" என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். கையெழுத்தைப் பெற்றுக்கொண்டு படியிறங்கிய நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இஃது ஒருவருடைய துரதிர்ஷ்டம் மட்டுமன்று. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் நடமாட்டத்தில் குறையுள்ளவர்கள் மட்டும் 54 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். தமிழ்நாட்டில் மாற்றுத் திறனாளிகளின் தொகை சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். அதே கணக்கில் அறுபது வயது நிரம்பியவர்கள் தேசத்தில் 10 கோடிக்கு மேல் இருந்தார்கள். முழங்கால் மடங்காத முதியவருக்கும், காலிழந்த வாலிபருக்கும், பிரசவத்துக்குப் பின் இடுப்பு வலியால் வருந்தும் ஸ்திரீக்கும் உயரமான படி ஒன்றே. நமது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து, இந்திய பூமியெங்கும் தடையின்றிச் சஞ்சரிக்கும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரஜைக்கும் வழங்குகிறது. தன் வீட்டு வாசற்படியைத் தாண்ட இயலாதவனுக்குக் கன்னியாகுமரி முதல் காஷ்மீரம் வரை திறந்திருந்து பயன் என்ன?

குற்றம் அம்மனிதரின் காலில் இல்லை. நாம் கட்டும் வீட்டில் இருக்கிறது. மழைநீர் உட்புகாதிருக்கத் தரைமட்டத்தை உயர்த்தினார்கள் நம் முன்னோர், அது நியாயமே. ஆனால் உயர்த்திய இடத்துக்கு ஏறப் படிகளையன்றி வேறு வழி நாம் வைத்தோமா? வைத்தோம், மோட்டார் சைக்கிளுக்கு! ஸ்கூட்டர் ஏறுவதற்குச் சிமெண்டுச் சரிவு இல்லாத வீடு நகரத்துத் தெருக்களில் அபூர்வம். அச்சரிவோ செங்குத்தானது, சக்கர நாற்காலியில் அதன்மேல் ஏறத் துணிந்தவன் பின்புறமாக உருண்டு விழுவான். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பதே மனிதனுக்குரிய சரிவின் அளவு. அடுக்குமாடிக் கட்டடங்களிலோ நிலைமை இன்னும் விபரீதம். கீழ்த்தளம் முழுவதையும் மோட்டார் கார்களுக்கு ஒழித்துவிட்டு, மனிதர்களை மேலே ஏற்றியிருக்கிறோம். இயந்திரத்துக்குச் சமதளம், இயலாதவனுக்கு நாற்பது படி என்றால், வீடு யாருக்காகக் கட்டப்படுகிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

உள்ளே போனால் வேறு தடைகள். அறையின் கதவு மூன்றடி இருந்தாலும் ஸ்நான அறையின் கதவு இரண்டடியைச் சற்றே தாண்டும். சக்கர நாற்காலி அதில் நுழையாது. நுழைந்தாலும் திரும்ப இடமில்லை. நாற்காலி சுற்றித் திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். தரை வழவழப்பான ஓடு. பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி கிடையாது. வருஷந்தோறும் உலகில் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து மரணமடைவதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணித்திருக்கிறது. ஈரத்தரையில் ஒரு முதியவர் வழுக்கி விழுவதை விதியென்று சொல்லி நாம் தேற்றிக்கொள்கிறோம். அது விதியன்று, கொத்தனாரும் குழாய் வேலைக்காரரும் ஓரிரு நாளில் நீக்கியிருக்கக்கூடிய குறை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-ம் வருஷம் ஏற்று உறுதி செய்தது. அதற்கிணங்க 2016-ல் புதிய சட்டம் நிறைவேறியது. மாற்றுத் திறனாளிகள் சமூகத்தின் நடுவே வாழும் உரிமையுடையவர்கள் என்று அதன் 5-வது பிரிவு கூறுகிறது. வீடு ஒதுக்கும் திட்டங்களில் நூற்றுக்கு ஐந்து அவர்களுக்குரியதென்று 37-வது பிரிவு விதிக்கிறது. மத்திய சர்க்காரின் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்கு எந்த ஸ்தாபனத்துக்கும் கட்டட அனுமதி தரலாகாதென்று 44-வது பிரிவு தடுக்கிறது. வாசகம் வலிமையானதே. ஆனால் அப்பிரிவின் பலம் முழுவதும் விதிகளைப் பொறுத்தது. விதிகளோ வெறும் யோசனைகளாகவே இருந்தன. 2024-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி, ராஜீவ் ரத்தூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த ஓட்டையைச் சுட்டிக்காட்டியது. கட்டாயமென்று சட்டம் கூறியதை விருப்பத்துக்கு விட்ட 15-வது விதி மூலச் சட்டத்துக்கு முரணென்று தள்ளி, மீற முடியாத விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய சர்க்காருக்குக் கட்டளையிட்டது.

இத்தீர்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் ஒரு விஷயத்தை மறக்கலாகாது. சட்டத்தின் கண் பெரும்பாலும் பொதுக் கட்டடங்கள் மீதே இருக்கிறது. பழைய கட்டடங்களைத் திருத்த 45-வது பிரிவு ஐந்து வருஷத் தவணை கொடுத்ததும் பொதுக் கட்டடங்களுக்குத்தான். 2017-ல் பிறந்த விதிகளிலிருந்து கணக்கிட்டால் அத்தவணையும் 2022-லேயே தீர்ந்துவிட்டது. கச்சேரிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் சாய்தளம் அவசியமே. ஆனால் வீட்டைவிட்டு வெளிவர முடியாதவன் அச்சாய்தளத்தை எப்போது காணப்போகிறான்? தடை தொடங்கும் இடம் அவனுடைய ஸ்நான அறை; பிறகு நிலைப்படி; பிறகு மாடிப்படி. சட்டமோ தெருவுக்கு அப்பாலிருந்து தொடங்குகிறது.

பிற தேசத்தார் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் தகுதியுடைய குடும்பத்துக்கு வீட்டைத் திருத்த ஸ்தல ஸ்தாபனமே 30,000 பவுன் வரை மானியம் அளிக்கிறது. புதிதாகக் கட்டும் வீடுகளில் தடையற்ற நுழைவாயிலும், அகன்ற கதவும், வாசல் தளத்திலேயே கழிப்பறையும் இருக்கவேண்டுமென்று அங்கே 1999-லேயே விதி செய்தார்கள். ஜப்பானில் 2000-ல் தொடங்கிய பராமரிப்பு இன்ஷூரன்ஸ் திட்டத்தில், கைப்பிடி பொருத்தவும், தரையை மேடுபள்ளமின்றிச் சமன் செய்யவும், குந்தி உட்காரும் கழிப்பறையை நாற்காலிபோல் அமரும் கழிப்பறையாக மாற்றவும் 2 லட்சம் யென் வரையிலான செலவு அடங்கும். பயனடைபவர் கொடுப்பது அதில் ஒரு சிறு பங்கே. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2012 முதல் சர்க்கார் குடியிருப்புகளில் முதியோருக்குக் கைப்பிடிகளும் வழுக்காத தரையும் சாய்தளமும் பெரும்பாலும் சர்க்கார் செலவிலேயே அமைத்துக் கொடுக்கப்படுகின்றன. அமெரிக்காவில் வாடகைக்காரர் தமது செலவில் நியாயமான திருத்தங்கள் செய்துகொள்வதை வீட்டுக்காரர் மறுக்கலாகாதென்று 1988-ல் சட்டம் செய்தார்கள். இங்கே சுவரில் ஒரு கம்பி பதிக்கவும் வீட்டுக்காரரின் தயவை நாடவேண்டியிருக்கிறது.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். அவை பணக்கார தேசங்கள், நம்மால் ஆகுமா என்பார்கள் சிலர். கட்டிய சுவரை இடித்து அகலப்படுத்தினால்தான் செலவு. கட்டும்போதே கதவை அரையடி கூட்டி வைத்தால் செலவு அற்பம். நிலைப்படி லக்ஷ்மி வாசம் செய்யுமிடம், அதைப் பெயர்க்கலாமா என்பார்கள் வேறு சிலர். பெயர்க்க வேண்டாம், மஞ்சளும் குங்குமமும் இட்ட நிலை அப்படியே இருக்கட்டும். அதன் இருபுறமும் சரிவாகச் செதுக்கிய பலகையைப் பொருத்தினால் போதும். நாற்காலி தாண்டிச் செல்லும். நமது குடும்பங்களில் பாசம் உண்டு, தூக்கிச் செல்ல ஆள் உண்டு என்பது மூன்றாவது ஆட்சேபம். இதுவே நம்மை அதிகம் ஏமாற்றுவது. தூக்குகிறவர் யார்? பெரும்பாலும் அறுபதை எட்டிய மனைவி, அல்லது வேலைக்குப் போகும் மகள். அவர்களுடைய முதுகெலும்பைச் செலவுக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. தூக்கப்படுகிறவருடைய மானத்துக்கும் கணக்கில்லை. பிறர் தூக்கினால்தான் கழிப்பறைக்குப் போகலாம் என்ற நிலையில் பகலெல்லாம் தண்ணீர் குடியாமல் இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. பாசம் பெரிதுதான், ஆனால் அது படிக்கட்டுக்கு மாற்றாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவை. மத்திய விதிகள் பொதுக் கட்டடங்களோடு நில்லாமல் குடியிருப்புகளின் உட்புறத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். அடுக்குமாடி கட்டும் கம்பெனிகள் 44-வது பிரிவு கூறும் ஸ்தாபனங்களே என்பதில் ஐயமில்லை. அவற்றின் வரைபடங்களில் படியில்லாத வாசல் ஒன்றும், 90 சென்டிமீட்டர் கதவும், நாற்காலி திரும்பும் ஸ்நான அறையும் இல்லையெனில் அனுமதி மறுக்கப்பட வேண்டும். 37-வது பிரிவின்படி ஒதுக்கும் வீடுகள் கீழ்த்தளத்தில் இருப்பதோடு, குடியேறும் முன்பே தக்கவாறு திருத்தப்பட்டிருக்க வேண்டும். புழங்க முடியாத வீட்டை ஒதுக்குவது காகிதத்தில் ஒதுக்குவதேயாகும். பழைய வீடுகளுக்கு நகரசபைகளும் பஞ்சாயத்துகளும் மூலமாகத் திருத்த மானியம் வழங்க வேண்டும். தனிப்பட்டவர் தமக்கெனக் கட்டும் வீட்டை அப்பிரிவு தொடுவதில்லை. அங்கே மானியமும் போதனையுமே வழி. வாடகைக்காரருக்குத் தம் செலவில் திருத்திக்கொள்ளும் உரிமையைச் சட்டசபை தெளிவாக வழங்க வேண்டும்.

நமது நேயர்களில் பலர் அரசியல் ஊழியர்கள். தேர்தல் சமயத்தில் ஏறாத மாடி அவர்களுக்கு இல்லை. 2024-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலில், 85 வயது நிரம்பியவர்களும் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக் குறையாத ஊனமுடையவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கத் தேர்தல் கமிஷன் வசதி செய்தது. அதிகாரிகள் வாக்குச்சீட்டுடன் படியேறிச் சென்றார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஒரு நாள் வாக்குக்காக மேலே ஏறத் தெரிந்த ராஜ்யத்துக்கு, மற்ற நாட்களில் அம்மனிதர் கீழே இறங்க வழி செய்யத் தெரியவில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டுப் படியேறும் ஊழியர், மேலே அமர்ந்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: கடைசியாக எப்போது தெருவில் இறங்கினீர்கள்? பதிலைக் குறித்துக்கொண்டு வந்து, தம் சட்டசபை அங்கத்தினரிடமும் நகரசபை அங்கத்தினரிடமும் கொடுக்கட்டும். சட்டத்தின் வாசகம் நம் பக்கம் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட் நம் பக்கம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் குரல் ஒன்றே குறைவு.