பொறுக்கியெடுத்த பிள்ளைகளா?

நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெமில் டெபரா மையர் 1974-இல் தொடங்கிய சென்ட்ரல் பார்க் ஈஸ்ட் அரசுப் பள்ளியைப் பற்றி ஒரு வாதம் ஓயாமல் வருகிறது: அக்கறையுள்ள பெற்றோர் தேடிவந்து சேர்த்தார்கள், அதனால் பிள்ளைகள் தேறினார்கள்; பள்ளியின் பங்கு சொற்பம். மூன்று காரணங்களால் இந்த வாதம் நிற்காது.

ஒன்று: அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பெற்றோரின் அக்கறை வறுமையைப் போக்கிவிடுமா?

இரண்டு: அந்தப் பெற்றோர் முன்பும் அதே தெருக்களில்தான் இருந்தார்கள். அப்போது அந்த வட்டாரம் வாசிப்புத் தேர்வில் நகரின் 32 பள்ளி மாவட்டங்களில் கடைசியில் கிடந்தது ஏன்?

மூன்று, இதுதான் முக்கியம்: 1985-இல் வந்த அதன் உயர்நிலைப் பள்ளியில் தேர்ச்சி பெற, மாணவர் 14 துறைகளில் தம் வேலைகளைத் தொகுக்க வேண்டியிருந்தது, அவற்றில் குறைந்தது ஏழு துறைகளின் வேலைகளை ஒரு குழுவின் முன் விளக்கி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் ஆசிரியர் நெருங்கி அறிந்தால்தான் இது நடக்கும். பள்ளியைச் சிறிதாக வைத்தது அதற்காகவே. இதையெல்லாம் சேர்க்கைப் பட்டியலா கற்றுக்கொடுத்தது?