ஒத்திகை எங்கே?

இரண்டு மணி நேர நாடகத்துக்கு நாற்பது நாள் ஒத்திகை பார்க்கிறோம். எவர் எந்தப் பக்கமிருந்து வருவது, எந்தப் பக்கமாக வெளியேறுவது, விளக்கு அணைந்துவிட்டால் என் செய்வது என்று எல்லாமே முன்னதாக முடிவாகிவிடுகிறது. ஏன்? வசனம் தவறினால் வந்தவர்கள் நகைப்பார்களே என்ற அச்சம்! நகைப்புக்கு அஞ்சி நாற்பது நாள் ஒத்திகை பார்க்கும் நாம், நெருப்புக்கு அஞ்சி ஒரு நாளேனும் ஒத்திகை பார்த்ததுண்டா?

2004 ஜூலை 16. கும்பகோணம். ஏடும் எழுதுகோலும் ஏந்திச் சென்ற பிஞ்சுகள். மதிய உணவு சமைக்க மூட்டிய நெருப்பு, கீற்றுக் கூரையிலே பற்றிக்கொண்டது. மேலே எரியும் கூரை, கீழே குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் மாண்டனர். பசியாற்ற வந்த நெருப்பே பசி கொண்டு தின்றது!

"விதி" என்றனர் சிலர். விதியாம், விதி! கூரை வேய்ந்தது விதியா? படிக்கட்டைக் குறுக்கியது விதியா? அந்தக் கட்டடத்துக்குள் குழந்தைகளை அடைக்க ஒப்புதல் தந்தது விதியா? மனிதன் செய்த பிழைக்கு மறைவிடம் தேடும்போதெல்லாம் விதியின் வீட்டுக் கதவைத் தட்டுவது இந்நாட்டின் நெடுநாள் வழக்கம். வழக்கு மன்றம் விதியைக் கூண்டில் ஏற்றவில்லை, மனிதர்களைத்தான் ஏற்றியது. அந்தத் தீர்ப்பு வருவதற்கும் 2014 ஜூலை வரை, பத்தாண்டுகள், பெற்றோர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

கீற்றுக் கூரைகளை அகற்ற ஆணை பிறந்தது. பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. நன்று. கூரை மாறிற்று, குணம் மாறிற்றா? சுவரிலே தீயணைக்கும் கருவி தொங்குகிறது. அதை இயக்கத் தெரிந்த ஆசிரியர் எத்தனை பேர்?

இன்னொன்றும் கேட்கிறேன். பிள்ளையை வெளியே தூக்கி வந்துவிட்டோம், பிறகு? குழந்தை என்பது அளவிலே குறைக்கப்பட்ட பெரியவர் அல்ல. மருத்துவம் அறிந்தோர் தரும் கணக்கைக் கேளுங்கள். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் குருதி ஏறத்தாழ 800 மில்லி லிட்டர். ஒரு தம்ளர் அளவு சிந்தினால், நாலில் ஒரு பங்கு போயிற்று! பெரியவருக்கு உடற்பரப்பிலே தலையின் பங்கு நூற்றுக்கு 9, கைக்குழந்தைக்கோ 18. பெரியவருக்கான கணக்கை வைத்துக்கொண்டு குழந்தையின் தீப்புண்ணை அளந்தால், ஏற்றவேண்டிய நீரின் அளவே பிழைத்துவிடும். மருந்தும் எடைக்கு எடை. பதறும் வேளையில் எடை பார்க்க நேரமேது? அதற்காகவே, குழந்தையின் நீளத்தை அளந்தவுடன் எடையையும் மருந்தளவையும் காட்டும் நாடா இருக்கிறது. சிறு முகத்துக்குச் சிறு மூச்சுக்கவசம், சிறு மூச்சுக்குழாய் வேண்டும். இவை மாவட்டத் தலைநகரிலே பூட்டிக் கிடந்து பயனில்லை. முதல் வண்டி போய் நிற்கும் மருத்துவமனையில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும்.

பெரும்பொருள் வேண்டுமே என்று கைவிரிப்போருக்கு ஒரு வரலாறு சொல்வேன். 1971. வங்கத்து எல்லையில் பங்கான். போருக்கு அஞ்சி வந்த அகதிகளிடையே காலரா. நரம்பிலே ஏற்றும் நீர் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலானாபிஸ் கைபிசைந்து நிற்கவில்லை. குளுக்கோசும், சமையல் உப்பும், சமையல் சோடாவும் அளவாகக் கலந்து, உற்றாரைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு, நாலுக்கும் கீழே இறங்கியது! மாளிகை கட்டியா வென்றார்? அளவு தெரிந்திருந்தது, கலந்து கொடுக்கும் முறை தெரிந்திருந்தது. அறிவு ஆயத்தமாக இருந்தது, தோழர்களே!

மாற்றாரை மட்டும் சாடிவிட்டு அமர்வது அழகல்ல. வெள்ளம் வந்தால் முதலில் ஓடுவோர் நம் தோழர்கள், பெருமைதான். ஆனால் நாம் சுமக்கும் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். வேட்டி உண்டு, சேலை உண்டு, அரிசி உண்டு. ஈரத்தில் நடுங்கும் கைக்குழந்தைக்குத் துணி உண்டா? உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் உண்டா? பால்மாவு டின்களை வாரி வழங்குகிறோம். கலங்கிய நீரிலே கரைத்துப் புகட்டினால் அதுவே வயிற்றுப்போக்காகி உயிரைக் குடிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? பால் கொடுக்கும் தாய்க்கு நல்லுணவும் மறைவிடமும் தருவது அதனினும் பெரிய தொண்டு. ஆனால் அது நிழற்படத்தில் விழாது!

ஆட்சியில் இருப்போர் எவராயினும் அவரிடம் கேட்போம்: பள்ளிதோறும் ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை, வட்ட மருத்துவமனைதோறும் குழந்தைகளுக்கான அவசரக் கருவிகள், அவற்றைக் கையாளப் பயின்ற செவிலியர், முகாம்தோறும் தட்டம்மைத் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும், பிரிந்த பிள்ளை பெற்றோரைச் சேர, ஒவ்வொரு குழந்தையின் கையிலும் பெயரும் ஊரும் எழுதிய அடையாளச் சீட்டு.

கேட்பதோடு நில்லாமல் நாமும் செய்வோம். நெருப்புப் பட்ட இடத்தில் மையும் பற்பசையும் பூசாது, இருபது நிமிடம் ஓடும் நீரில் காட்டி, பிஞ்சுடல் குளிர்ந்துவிடாமல் மற்ற பகுதியைப் போர்த்தி, மருத்துவரிடம் விரைய வேண்டும். இதை நம் கிளைகள்தோறும் கற்பிப்போம். கூட்டம் போடத் தெரிந்த நமக்கு இது கூடாததா?

ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பெற்றோர் தீபம் ஏற்றுகின்றனர். அவர்களுக்கு நம் ஆறுதல் மொழி தேவையில்லை. இனியொரு தாய் அத்தகைய தீபம் ஏற்ற நேராதிருக்க, நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்ற கணக்கே தேவை.

திரை எப்போது தூக்கப்படும் என்பதை நெருப்பும் வெள்ளமும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஒத்திகையை இன்றே தொடங்குவோம்.