அடிச்சவன் பேரு எங்கே?

2022 சூலை கடைசியில் எங்க ஊர்ப் பக்கம் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு குதிரை. வேட்டி கட்டிக்கொண்டு கும்பிட்டு நிற்கிற குதிரை. 'தம்பி' என்று அதற்குப் பேர் வைத்திருந்தார்கள். 44ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தது. தொடக்க விழா சூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். பிரதமரும் முதலமைச்சரும் இருந்த அந்த விழாவில் 'எஞ்சாயி எஞ்சாமி' ஒலித்தது. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியை நெஞ்சில் வைத்து அந்தப் பாட்டை எழுதிப் பாடிய அறிவு அங்கே இல்லை.

சில நாளில் அறிவு அறிக்கை விட்டார். இசையமைத்து, எழுதி, பாடியது தான்தான், மெட்டையோ ஒரு சொல்லையோ தனக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை என்றார். இசையமைத்துப் பதிவு செய்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும், விழா நேரத்தில் அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து மூன்று பேருக்குமே காசு வரவில்லை என்று 2024 மார்ச்சில் அவரே வெளிப்படையாகவும் பேசினார்.

அவர்களுக்குள் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதே 2022 ஆகஸ்டில் இன்னொரு சேதியும் வந்தது. தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்துங்கள் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். எங்க நைனா தண்டோரா போட்டவர்தான். அவர் அந்தச் சேதியைக் கேட்டுவிட்டு, “வுட்டுது சனியன்” என்றார். இரண்டு சேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. தண்டோரா போடச் சொன்னபோது நைனாவின் சாதியை எல்லாரும் தெரிந்து வைத்திருந்தார்கள். அதே கை அடித்த தாளம் சினிமாவிலும் சீரியலிலும் வரும்போது மட்டும் அவர் பேரு எப்படித் தெரியாமல் போகிறது?

நான் இசையமைப்பாளன். மாமல்லபுரத்துக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சேரியில் பிறந்தவன். ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு. வெளியே சிற்பக்கூடங்களில் உளிச் சத்தம் ஓய்ந்த பிறகு ராத்திரியில்தான் பதிவு செய்ய முடியும். குறும்படம், டி.வி. சீரியல், விளம்பரம், செல்போன் விளையாட்டு என்று எது வந்தாலும் செய்வேன். ஒரே நாளில் காலையில் மாமியார் முறைக்கிற காட்சிக்கு வயலின், மத்தியானம் பல்பொடி விளம்பரத்துக்கு கிடார், ராத்திரி பேய் வருவதற்கு வெறும் காற்று. “எப்படிப்பா இத்தனை வகை உனக்கு வருது?” என்று கேட்கிறார்கள். எங்கே படித்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். சாவு வீட்டில் படித்தேன்.

சின்ன வயசில் நைனாவோடு மோளத்துக்குப் போவேன். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவது என் வேலை. தோல் எவ்வளவு சூடானால் எந்தக் குரல் வரும் என்பதைக் காதால் பிடிக்க வேண்டும். வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டிய கன்றுத் தோல் அது. ஈரக்காற்று அடித்தால் தொய்ந்துவிடும். கடற்கரை ஊரில் ராத்திரிக்கு நாலு தடவை காய்ச்சணும்.

அங்கே என்ன நடக்கும் தெரியுமா? சொந்தக்காரர்கள் வண்டியில் வந்து இறங்கினால் ஒரு அடி. பொணத்தைக் குளிப்பாட்டும்போது ஒரு அடி. பாடை தூக்கினால் வேறு. நடக்கிற வேகத்துக்கு ஒன்று, முச்சந்தியில் இறக்கி வைத்தால் ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று. எது எப்போ மாறும் என்று எழுதி வைத்த தாள் கிடையாது. மகள் ஓடிவந்து பாடை மேல் விழுந்து அழுதால், அந்த அழுகைக்கு இடம் விட்டு அடியைத் தணிக்கணும். குடிகாரன் ஆட ஆரம்பித்தால் ஏத்தணும். நைனா சனங்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கண்ணால் சாடை காட்டுவார். நாலு மோளமும் அறுபடாமல் வேறு நடைக்குத் தாவும். ஆடி மாசம் கூழ் ஊத்தும்போது அதே கை சாமியை வரவைக்கும். வந்த சாமியை மலையேற்றவும் அதற்குத் தெரியும்.

சில வருசத்துக்கு முன்னால் ஒரு செல்போன் விளையாட்டுக் கம்பெனி என்னைக் கூப்பிட்டது. காட்டுக்குள் ஓடுகிற வீரன் கதை. அவர்களுடைய ஆள் அரை நாள் எனக்குப் பாடம் எடுத்தார். சினிமா மாதிரி இல்லை சார், சினிமாவில் காட்சியின் நீளம் தெரியும், இங்கே ஆடுபவன் எப்போது ஓடுவான், எப்போது சாவான் என்று தெரியாது, அதனால் இசையைத் துண்டு துண்டாக, அடுக்கடுக்காகச் செய்து வைக்கணும், நிலைமை மாறும்போது தாளம் அறுபடாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகணும் என்றார். ஏதோ புது விஞ்ஞானம் மாதிரி சொன்னார்.

நைனாவிடம் வந்து சொன்னேன். “ஆளு நடந்தா ஒரு அடி, ஓடுனா ஒரு அடி, செத்தா ஒரு அடி. எப்ப மாறும்னு முன்னாடியே தெரியாது நைனா.”

“இதுல இன்னாடா புச்சு? நம்ம வேலைதான இது.”

நைனாவும் மூன்று பேரும் என் அறைக்கு வந்தார்கள். ஒரு ராத்திரி முழுக்கப் பதிவு. எந்த அடிக்குப் பிறகு எந்த அடி, நடுவில் தாவுவதற்கு எந்தக் கணக்கு என்று எல்லாம் நைனா வகுத்தது. நான் மேலே கொஞ்சம் கொம்பு ஓசையும் அடியில் கொஞ்சம் முழக்கமும் சேர்த்தேன். கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. பேர்ப் பட்டியல் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். இசை என்ற இடத்தில் என் பேர். மத்ததுக்கு 'கிராமியத் தாளக் கருவிகள்' என்று ஒரு வரி. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கூலி.

விளையாட்டு வெளிவந்ததும் நைனா என் பொண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, “கடைசில பேரு ஓடுதே, படி” என்றார். அவள் படித்தாள். முடிந்தது. “அவ்ளோதானா?” என்று கேட்டார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தோழர்களே, இதைச் செய்தவன் ஆதிக்க சாதிக்காரன் இல்லை. நான். கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் எனக்குள்ளேயே ஒரு ஊர்த்தெரு முளைத்துவிட்டது. நாற்காலியில் இருப்பவன் 'அமைக்கிறான்', தரையில் இருப்பவன் 'அடிக்கிறான்' என்கிற பிரிவினையை எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது காற்றிலேயே இருக்கிறது.

சட்டத்திலும் இருந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பு என்பதை எப்படி வரையறுத்தது தெரியுமா? அச்சிட்டோ எழுதியோ குறியீடுகளாக்கியோ இருந்தால்தான் அது இசைப் படைப்பு. அதாவது தாளில் இல்லாத இசை, இசையே இல்லை. எழுத்தை யார் கையில் கொடுத்தார்கள், யாருக்கு மறுத்தார்கள் என்பது தெரிந்த நாட்டில் இப்படி ஒரு சட்டம். 1994 திருத்தம்தான் இதை மாற்றியது. குறியீட்டில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை அமைத்தவரே இசையமைப்பாளர் என்று வந்தது. ஆக, முப்பது வருசமாக எங்க நைனா சட்டப்படியே இசையமைப்பாளர். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கை உறுதி செய்தது. நிகழ்த்துபவருக்கும் உரிமைகள் தந்தது. ஆனால் அதே திருத்தம் ஒரு சந்தையும் திறந்து வைத்திருக்கிறது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் எங்கேயும் போடப்படாது என்றால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அவர் நிகழ்த்துபவராகக் கருதப்படமாட்டார். திரும்பப் படியுங்கள். வழக்கமாகப் பேர் போடமாட்டார்கள், அதனால் உரிமை இல்லை. 'வழக்கம்' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? தேநீர்க்கடையில் தனிக்குவளை வைத்ததும் வழக்கம்தானே?

இதற்கு மூன்று பதில் வரும். ஒன்று: “அது மரபு, எல்லாருக்கும் பொது.” ராகமும் மரபுதான். கல்யாணியில் மெட்டுப் போட்டவன் அதைத் தன் பேரில்தானே பதிவு செய்கிறான்? ராகம் பொது, மெட்டு தனி என்றால், பறையும் பொது, நைனா அந்த ராத்திரி வகுத்த கணக்கு தனி. இரண்டு: “இப்போது எல்லாமே கம்ப்யூட்டர், ஒலித் தொகுப்பு வாங்கினால் போதும்.” சரி, தொகுப்பில் பதிந்திருக்கிற அந்தக் கை யாருடையது? ஒரு முறை கூலி கொடுத்துப் பதிந்ததை ஆயிரம் முறை விற்கிறார்கள்.

மூன்றாவது பதில் நம் பக்கத்திலிருந்தே வரும். “பறை அடிமைச் சின்னம், அதைத் தூக்கி எறி.” சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மோளத்தை உடைத்தவர்களை நான் வணங்குகிறேன். நைனாவும் ஊர்ச் சாவுக்கு அடிப்பதை என்றைக்கோ நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம் கே.ஏ. குணசேகரன் போன்றவர்கள் பறையை மேடைக்குக் கொண்டுவந்து அதையே கலகக் குரலாக்கினார்கள். இரண்டும் நம் வரலாறுதான். ஆனால் நாம் தூக்கி எறிந்ததை ஸ்டூடியோக்காரன் பொறுக்கி எடுத்துத் தன் பேரில் விற்றால், அது எந்த விடுதலை? இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'பறையன்' என்றே பேர் வைத்தார். இழிவாக எறியப்பட்ட பேரை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டார். பேர் போடுவது அரசியல் என்பதை நமக்கு அவர் அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

மாமல்லபுரத்தையே பாருங்கள். பாறையைக் குடைந்த சிற்பிகளை யாருக்குத் தெரியும்? குடையச் சொன்ன ராசாவின் பட்டம் ஊருக்கே பேராக நிற்கிறது.

என் கோரிக்கை சின்னது. சினிமாவோ, சீரியலோ, விளையாட்டோ, பறையும் பம்பையும் சட்டியும் ஒலிக்கிற இடத்தில் அடித்தவர் பேரைப் போடு. அடியை வகுத்தவர் அவரே என்றால் இசை என்ற இடத்திலேயே போடு, ராயல்டியிலும் பங்கு கொடு. கலைக்குழுக்கள் தங்கள் அடிகளைப் பேரோடு, தேதியோடு பதிந்து தங்களிடமே வைத்துக்கொள்ளட்டும். பேர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதை முதலில் செய்யவேண்டியது நம்மிலிருந்து போய்க் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்கள்தான்.

போன மாசம் ஒரு குறும்படத்துக்கு வேலை செய்தேன். இசை என்ற இடத்தில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தேன். முதலில் நைனா பேர். “இவரு யாரு சார், எங்க படிச்சவரு?” என்று கேட்டார் தயாரிப்பாளர். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு பேரு போதுமே” என்றார்.

“அப்போ என் பேர எடுத்துடுங்க” என்றேன்.

இரண்டு பேரும் இருக்கிறது. படம் வந்ததும் என் பொண்ணு மறுபடியும் நைனா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள்.