ஆவணக் காப்பகத்தில் புதியவருக்கு யார் துணை?

சென்னை எழும்பூரில் 1909-லிருந்து இயங்கிவருகிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பதினேழாம் நூற்றாண்டுக் கம்பெனிக் காலத்தில் தொடங்கி நேற்றைய அரசாணை வரை அங்கே காகிதம் அடுக்கடுக்காக இருக்கிறது. காகிதத்தைக் காக்க இரும்பு அலமாரிகளும் பூச்சி மருந்தும் உண்டு. இப்போது ஸ்கேனரும் வந்துவிட்டது. அந்தக் காகிதத்துக்குள் வழி தெரிந்த மூத்த ஊழியர் ஓய்வு பெறும் நாளில், அவர் கற்றதெல்லாம் யாரிடம் போய்ச் சேருகிறது? ஆவணத் துறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் மூத்தவர் ஒருவரை வழிகாட்டியாக நியமிப்பதைப் பணி விதியாகவே ஆக்கவேண்டும் என்பது நம் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயில் மானிய நிலம் வழக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டின் நகல் வேண்டும். இத்தகைய வழக்குகளில் நீதிமன்றங்கள் இன்றும் பெரிதாக மதிக்கும் சான்று அது. மனுதாரர் ‘விருதுநகர் மாவட்டம்’ என்று எழுதித் தருவார். வேலைக்குப் புதிதாக வந்தவர் அந்தப் பெயரில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-ல். அதற்கு முன் அந்தப் பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டமே 1910-ல்தான் உருவானது. இனாம் கமிஷன் காலத்தில் சாத்தூர் திருநெல்வேலியைச் சேர்ந்தது. பழகிய ஊழியர் இதை அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்த ஊரின் பெயரை வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் எழுதினார்கள், பட்டய எண்ணை எங்கே பார்ப்பது, பசலி 1270 என்றால் 1860 ஜூலையில் தொடங்கும் ஆண்டு என்பதையும் சேர்த்தே சொல்வார். அவர் இல்லாத நாளில், ‘பதிவேடு இல்லை’ என்று முத்திரை குத்திய பதில் மனுதாரர் கைக்குப் போகும். பதிவேடு இருக்கும், நீதிதான் கிடைக்காது.

பயிற்சி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தில்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் 1976-ல் தொடங்கிய பயிற்சி நிறுவனம் ஓராண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. குறுகிய காலப் பயிற்சிகளும் உண்டு. ஆவணத்தை ஏன் காக்கவேண்டும், எந்த வெப்பத்தில் வைக்கவேண்டும் என்பதை வகுப்பறை சொல்லித்தரும். கையில் இருக்கும் இந்தக் குறிப்பிட்ட தாளை என்ன செய்வது என்பது பக்கத்தில் நிற்பவர் சொல்லித்தான் தெரியும். இரும்புச் சத்துள்ள பழைய மை தாளையே அரித்து எழுத்தை உதிர்க்கிறது. கிழிந்த பக்கத்தைக் கண்டதும் நல்லெண்ணத்தோடு செலோடேப் ஒட்டுகிறார் ஓர் இளைஞர். சில ஆண்டுகளில் அந்தப் பசை பழுப்பேறி எழுத்தோடு கலந்துவிடும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. ‘அதைத் தொடாதே, மெல்லிய ஜப்பான் தாளும் மாவுப் பசையும் எடுத்து வா’ என்று அந்த நேரத்தில் சொல்ல ஒருவர் வேண்டும்.

எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பது இதைவிடக் கடினமான வேலை. நம் அலுவலகங்களில் முடிந்த கோப்புகளுக்கு ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று வகை போடுவார்கள்: நிரந்தரம், பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு. இன்று ஓராண்டு என்று போடப்படும் ஒரு கோப்பு நாளைக்கு ஒரு கிராமத்தின் குடிநீர் உரிமைக்கு ஒரே சாட்சியாக இருக்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கான 1993-ம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம், ஆவணத்தை முறைகேடாக அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. தண்டனையைச் சட்டம் எழுதிவைக்கலாம்; எதைக் காப்பது என்ற விவேகத்தை அனுபவஸ்தர்தான் ஊட்டவேண்டும்.

அரசுக் காப்பகத்திலாவது கேட்பதற்கு நாலு பேர் இருப்பார்கள். மடங்கள், பழைய பத்திரிகை அலுவலகங்கள், நூற்றாண்டு கண்ட பள்ளிகள் ஆகியவற்றில் ஆவண வேலைக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. அவர் தொகுப்பூதியத்தில் இருப்பார். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. எழுத்து விஷயமும் இப்படித்தான். தஞ்சை மராத்தியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்களை வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலரே. எழும்பூரில் உள்ள டச்சு ஆவணங்களுக்கும் அதே நிலை. புள்ளியில்லாத ஓலையில் மா, காணி, முந்திரிக் குறிகளைப் பிரித்தறியும் கண், ஒருவர் பக்கத்தில் அமர்ந்து மாதக்கணக்கில் படித்தால்தான் பழகும்.

‘எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டால் போதாதா?’ என்பது முதல் ஆட்சேபம். தப்பான மாவட்டப் பெயரில் ஏற்றிய படம் தப்பான மாவட்டத்திலேயே கிடக்கும். ஆவணத்தை விவரிக்கத் தெரிந்த ஆள் இல்லாத கணினிமயம், கிடங்கைத் திரைக்குள் இடம் மாற்றுவது மட்டுமே.

இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. வழிகாட்டி என்ற பெயரில் புதியவரை எடுபிடி வேலை வாங்குவதும், வித்தையை மறைத்து வைத்துத் தன் முக்கியத்துவத்தைக் காத்துக்கொள்வதும் நம் அலுவலகங்கள் அறியாதவை அல்ல. ஆகவே வழிகாட்டியாக இருப்பவர் அந்தப் புதியவரின் ரகசியக் குறிப்பை எழுதும் அதிகாரியாக இருக்கக் கூடாது. ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைக் கேட்கும் உரிமை புதியவருக்கு வேண்டும். 1936-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆவணக் காப்பாளர் சங்கம், வேலை பார்க்கும் நிறுவனத்தைத் தாண்டி மூத்தவரையும் இளையவரையும் இணைக்கும் திட்டம் நடத்துகிறது. தனியாக வேலை செய்பவருக்கு இங்கும் அந்த வழி பொருந்தும்.

அரசு செய்யவேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. தகுதிகாண் பருவம் முழுவதும் புதியவருக்குப் பெயர் குறிப்பிட்டு ஒரு வழிகாட்டியை ஆணையில் சேர்க்கலாம். அந்தப் பணிக்கு வாரத்தில் சில மணி நேரத்தை அலுவலக நேரமாகவே கணக்கில் கொள்ளலாம். ஓய்வு பெற்ற ஆவணக் காப்பாளர்களை மதிப்பூதியத்தில் அழைத்து, மடம், பள்ளி, தனியார் நூலகம் ஆகியவற்றில் உள்ளவர்களுக்கும் துணையாக்கலாம். ஓய்வு பெறுகிறவர் சாவியோடு சேர்த்துத் தன் பிரிவின் தேடும் வழிகளையும் எழுதி ஒப்படைக்கவேண்டும் என்று விதி செய்யலாம். மோடி, டச்சு போன்ற அரிய துறைகளில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உதவித்தொகை தந்து சில ஆண்டுகளாவது சேர்ந்திருக்கச் செய்யலாம்.

மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்தது உங்களோடு ஓய்வு பெற வேண்டியதில்லை. அரசாணை வரும்வரை காத்திருக்காமல், பக்கத்து மேசையில் தயங்கி நிற்கும் இளைஞரை அடுத்த முறை அலமாரிக்குப் போகும்போது உடன் அழைத்துச் செல்லுங்கள். அரசோ இனியும் தாமதிக்கக் கூடாது. கட்டடத்துக்கும் கணினிக்கும் நிதி ஒதுக்கும் அதே அறிவிப்பில், கற்றுத்தரும் மனிதருக்கும் ஒரு வரி இடம்பெறவேண்டும்.