அந்த அட்டைப்பெட்டியைத் திறங்க

1/ இத்தாலி பைக் வச்சிருக்கிற, வாங்கப் போற தாம்பரம், செலையூர், மேடவாக்கம், வண்டலூர் பக்கத்துத் தம்பிகளுக்கு இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். கொஞ்சம் கோபமும் இருக்கும். உங்க கட்டிலுக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டி இருக்குமே, அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

2/ முதல்லயே சொல்லிடறேன். "பைக் வாங்காதே, செத்துப் போயிடுவே" என்று பயமுறுத்தும் டாக்டர் நான் இல்லை. வேலை அவசர சிகிச்சைப் பிரிவில். வீட்டு வாசலில் நிற்பது அப்ரிலியா ஆர்எஸ் 457. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு காலியா இருக்கும்போது அதுல போற சந்தோஷம் எனக்கும் தெரியும்.

3/ அப்ரிலியா, வெனிஸ் பக்கத்தில் நோவாலே என்ற ஊரின் கம்பெனி. ஆனால் இந்த 457 தயாராவது மகாராஷ்டிராவின் பாராமதியில். 2023 டிசம்பரில் வந்தபோது எக்ஸ்-ஷோரூம் விலை 4.10 லட்சம். இரண்டு சிலிண்டர், 47.6 குதிரைத்திறன், 175 கிலோ. இத்தாலி பைக் என்றால் போஸ்டரில் மட்டும் பார்க்க முடிந்த காலம் போய், முடிச்சூர் பையன் இஎம்ஐ போட்டு வாங்கும் காலம் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். அதனாலதான் இதை எழுதவேண்டியிருக்கு.

4/ ஒரு ராத்திரி. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். கணவன், மனைவி. ஸ்போர்ட் பைக். எந்த பிராண்ட்னு வேண்டாம். வேகமா போகல, வேற வண்டி மோதல. பின்னாடி உட்கார்ந்திருந்த பெண்ணோட துப்பட்டா பின்சக்கரத்துல சிக்கி, ஒரு நொடியில கழுத்தை இறுக்கிப் பின்னாடி இழுத்துடுச்சு.

5/ உயிர் பிழைத்துவிட்டார். குரல்வளையில் காயம். பேச்சு திரும்ப மாதக்கணக்கில் ஆனது, பழைய குரல் முழுசா வரவில்லை. என்ன வேலை பார்ப்பவர் என்று சொல்ல மாட்டேன். குரலை வைத்துத்தான் அந்த வேலை.

6/ சாரி கார்டு இருந்ததான்னு கணவர்கிட்ட கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே அவர் சொன்ன பதில் இன்னும் காதுல இருக்கு. "கழட்டிட்டேன் டாக்டர். பத்திரமா அட்டைப்பெட்டில இருக்கு. வண்டி விக்கும்போது மாட்டணும்ல, ஸ்டாக்கா இருந்தாத்தான் ரேட் கிடைக்கும்."

7/ திரும்பப் படிங்க. கம்பெனி பாகத்துக்கு மதிப்பு இருக்குன்னு அவருக்குத் தெரியும். மூணு வருஷம் கழிச்சு வண்டியை வாங்கப் போற முகம் தெரியாத ஆளுக்காக அதைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கார். இன்னைக்குப் பின்னாடி உட்கார்ற மனைவிக்கு அது இல்லை.

8/ அவரைத் திட்டுறது சுலபம். நான் திட்டல. ஏன்னா என் கட்டிலுக்கு அடியிலயும் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. வண்டி வந்த முதல் மாசமே பின்பக்க மட்கார்டு, நம்பர் பிளேட் பிடிமானம், சாரி கார்டு எல்லாத்தையும் கழட்டி, குட்டியா ஒரு "டெயில் டைடி" மாட்டியிருந்தேன். போட்டோவில் அழகாத்தான் இருந்தது.

9/ சாரி கார்டுன்னா நம்ம பசங்களுக்கு ஒரு கேலி. "சூப்பர் பைக்குல அம்மா வண்டி பார்ட்"னு சிரிப்பாங்க. அது யாரோ ரசனை கெட்டவர் ஒட்டவைத்த தகரம் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்வது இது: பின்சீட்டு உள்ள பைக்கில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு, மூன்றும் இருக்கணும். சேலையும் துப்பட்டாவும் வேட்டியும் கட்டுகிற நாட்டுக்காக எழுதின விதி.

10/ இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும்னு நினைக்க வேண்டாம். உலகப் புகழ்பெற்ற நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-ல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். கழுத்தில் இருந்த நீளமான சால்வை காரின் சக்கரத்தில் சிக்கியது. சக்கரத்துக்கு இத்தாலி, இந்தியா, சினிமா ஸ்டார், வீட்டு அம்மா என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது.

11/ பெட்டியில் வேறென்ன இருக்கும்? கண்ணாடிகள். பெரிய இண்டிகேட்டர் (இப்போ மாட்டியிருப்பது கடுகு சைஸ்). பின்சீட்டு கைப்பிடி. மழையில் பின்னால் வருகிறவர் ஹெல்மெட் கண்ணாடியில் சேறு அடிக்காமல் காப்பாற்றும் மட்கார்டு. இன்னும் சிலர், பின்சக்கரத்தைத் தேய்த்து ஓட்டி வீடியோ எடுக்க ஏபிஎஸ் ஃப்யூஸையே பிடுங்கி வச்சிருப்பாங்க. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமானது ஏபிஎஸ். அதை ஒரு ரீலுக்காக அணைக்கிறோம்.

12/ அப்புறம் சைலன்சர். "ஸ்டாக் எக்ஸாஸ்ட் சத்தமே வரல ப்ரோ." கழட்டுறது சைலன்சரை மட்டும் இல்லை. ஃபுல் சிஸ்டம் மாட்டினா அதோட கேட்டலிடிக் கன்வர்ட்டரும் போகும். கார்பன் மோனாக்சைடு, எரியாத எரிபொருள், நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கிற பாகம் அது.

13/ அந்த வண்டியோட எந்த ரோட்ல போறோம்? ஜிஎஸ்டி ரோட்ல, தாம்பரம் சானடோரியம் வழியா. காசநோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்த மருத்துவமனை அது. ஊருக்கு வெளியே சுத்தமான காத்து கிடைக்கும்னு தேடி வைத்த இடம். இன்னைக்கும் நுரையீரல் நோயாளிகள் அங்கே படுத்திருக்காங்க. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தப் பக்கம் கியரைக் குறைச்சு முறுக்குறீங்களே, அது யாருக்குக் கேட்கணும்னு?

14/ மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இரவில் 40 டெசிபல்தான் வரம்பு. உங்க காதுக்கும் கணக்கு உண்டு. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம். காது உள்ளே செத்த நரம்புச் செல் திரும்ப முளைக்காது. முப்பது வயசில் காதில் "கொய்ங்" என்ற சத்தத்தோடு வருகிறவர்களை நான் பார்க்கிறேன்.

15/ சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. கம்பெனி கொடுத்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில், மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. உங்க பெட்டியில எத்தனை பாகம் இருக்குன்னு எண்ணிப் பெருக்கிப் பாருங்க.

16/ இப்போ இன்னொரு பக்கம். இந்தப் பாகங்களை மாத்த இருபதாயிரம், முப்பதாயிரம் செலவு பண்றவர்கிட்ட "ப்ரேக் ஆயில் எப்போ மாத்துனீங்க?"ன்னு கேளுங்க. முழிப்பார். நானும் முழிச்சேன்.

17/ ப்ரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரியில்தான் கொதிக்கணும். ஈரம் ஏறிய பிறகு அதற்கான குறைந்தபட்ச அளவு 155 டிகிரி. கொதிச்சா குமிழி வரும். லீவரை அழுத்தினா பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிக்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். நம்ம ஏரியா ஈரத்தைப் பத்தி நான் சொல்லணுமா? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும். ஆகிற செலவு கடுகு இண்டிகேட்டர் விலையை விடக் குறைவு.

18/ "இத்தாலி பைக் எப்பவும் மக்கர் பண்ணும்" என்பார்கள். பாதி உண்மை. டுகாட்டியை எடுத்துக்கோங்க. மத்த இன்ஜின்களில் வால்வை மூட ஸ்பிரிங் இருக்கும். இன்ஜினியர் தாலியோனி 1956-ல் டுகாட்டி ரேஸ் பைக்குக்காகக் கொண்டுவந்த "டெஸ்மோ" முறையில் வால்வைத் திறக்கவும் மூடவும் தனித்தனிக் கரங்கள். அருமையான வேலை. ஆனால் இடைவெளியை அளந்து சரிபண்ணிக்கிட்டே இருக்கணும். பானிகாலே வி4-க்கு 24,000 கிலோமீட்டரில் அந்த வேலை. காசு பிடுங்கும். அதைத் தள்ளிப்போட்டுட்டு "இத்தாலிக்காரன் ஏமாத்திட்டான்"னு சொன்னா எப்படி?

19/ இதயத்தில் வால்வு சரியா மூடலைன்னா ரத்தம் பின்னாடி கசியும். இன்ஜினிலும் அதேதான். இடைவெளி இறுகிப்போன வால்வு சரியா உட்காராது. சூடு வெளியேற வழியில்லாமல் கருகிப்போகும். வேடிக்கை என்னன்னா, லூசான வால்வு டிக் டிக்னு சத்தம் போடும். இறுகின வால்வு சத்தமே போடாது. பிபி மாதிரி. அமைதியா இருக்குன்னு விட்டா ஒருநாள் மொத்தமா வரும்.

20/ நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம். முடிச்சூர், வரதராஜபுரம் ஆட்கள் 2015-ஐயும் 2023 டிசம்பரையும் மறந்திருக்க மாட்டீங்க. வண்டி தண்ணியில மூழ்கினா ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க. சிலிண்டர்ல தண்ணி இருந்தா அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியைக் கழட்டிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போங்க. மழை எச்சரிக்கை வந்தா, முதல் நாளே மேடான இடத்துல நிறுத்துங்க.

21/ "அப்போ மாடிஃபிகேஷனே தப்பா டாக்டர்?" இல்லை. அதே அளவில் இன்னும் நல்ல டயர் போடுங்க. பழைய டயர்னா பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்க. 2322 என்றால் 2022-ல் 23-வது வாரம் செய்தது. நல்ல ப்ரேக் பேட், ரேடியேட்டர் கார்டு, விழுந்தா வண்டியைத் தாங்கும் ஸ்லைடர் போடுங்க. சஸ்பென்ஷனை உங்க எடைக்கும், பின்னாடி உட்கார்றவங்க எடைக்கும் சேர்த்து செட் பண்ணுங்க. இதுக்குக் காசே ஆகாது, அரை மணி நேரம் போதும். எதையும் கழட்டாம சேர்க்கிற வேலை இதெல்லாம்.

22/ வேகம் பார்க்கணும்னு கை அரிக்குதா? தாம்பரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை ரொம்ப தூரம் இல்லை. 3.7 கிலோமீட்டர் ரேஸ் டிராக் அங்கே 1990-லிருந்து இருக்கு. ட்ராக் டே நடக்கும்போது காசு கட்டி ஓட்டுங்க. அங்க குறுக்கே ஷேர் ஆட்டோ வராது, மாடு வராது. முக்கியமா, பின்சீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க.

23/ "உங்களுக்கென்ன, டாக்டர், சம்பளம் இருக்கு, சொல்லுவீங்க"ன்னு ஒரு கமெண்ட் வரும். கணக்கு போடுவோம். ஒரு ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட் காசுல நல்ல ஹெல்மெட் ரெண்டு, கையுறை, ஜாக்கெட், பூட்ஸ் வாங்கலாம். ஏன் ரெண்டு ஹெல்மெட்? 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்தவர்கள். மத்திய அரசின் கணக்கு இது. அவர்களில் யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை.

24/ இதுதான் என் கோபம். வண்டியை அழகாக்க நாம கழட்டுற பாகங்களில் பாதி, ஓட்டுறவனுக்கானதே இல்லை. கைப்பிடி, சாரி கார்டு, மட்கார்டு, அமைதியான சைலன்சர், தெளிவான இண்டிகேட்டர் எல்லாமே பின்னாடி உட்கார்ந்தவருக்கும், பின்னாடி வருகிறவருக்கும், ரோட்டோரம் தூங்குகிறவருக்கும். அவங்ககிட்ட கேட்காமலே கழட்டுறோம். அவங்க காசில்தான் நம்ம அழகு.

25/ நான் என்ன பண்ணேன்? அந்த ராத்திரிக்கு அடுத்த ஞாயிறு பெட்டியை வெளியே இழுத்தேன். தூசி தட்டி ஒவ்வொண்ணா மாட்டினேன். ரெண்டு போல்ட் காணாமப் போயிருந்தது, வாங்கிப் போட்டேன். மொத்தம் ஒன்றரை மணி நேரம். என் மனைவி பார்த்துட்டு "பழையபடி ஆயிடுச்சே"ன்னு மட்டும் சொன்னாங்க. இத்தனை நாள் அவங்க அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து வந்ததை நான் யோசிக்கவே இல்லைன்னு அவங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. இங்க சொல்றேன்.

26/ இந்த ஞாயிறு உங்க முறை. பெட்டியைத் திறங்க. முதல்ல சாரி கார்டு, அப்புறம் கைப்பிடி, கண்ணாடி. ப்ரேக் ஆயில் தேதியைப் பாருங்க. பின்னாடி உட்கார்றவங்க துப்பட்டாவையோ முந்தானையையோ முன்னாடி இழுத்துச் செருகின பிறகு வண்டியை எடுங்க. பக்கத்து வீட்டுத் தம்பி பைக்குல இது இல்லைன்னா, திட்டாம, இந்த த்ரெட்டை அனுப்புங்க.

27/ நாளைக்கு வாங்கப் போறவர் காலிப் பெட்டியைப் பார்த்து ரேட்டைக் குறைக்க மாட்டார். பாகமெல்லாம் வண்டியிலேயே இருக்கும்.

பத்திரமா ஓட்டுங்க.